ரத்தத்தில் பாதிக்கு மேல் மஞ்சள்... தெரியுமா?

ரத்தம் என்றதும் சிவப்புதான் கண்முன் வரும். ஆனால் உங்கள் உடம்பில் ஓடும் ரத்தத்தில் 100-க்கு 55 பங்கு சிவப்பே கிடையாது, தெரியுமா? ஒரு பையில் ரத்தத்தைப் பிடித்து, உறையாமல் மருந்து சேர்த்து, அசையாமல் தொங்கவிட்டால் போதும். சிவப்பணுக்கள் மெல்ல அடியில் இறங்கிவிடும். மேலே இளமஞ்சள் நிறத்தில் ஒரு நீர் நிற்கும். அதுதான் பிளாஸ்மா! 60 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் இது ஏறக்குறைய 2.4 லிட்டர் இருக்கும். அதிலும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். மிச்சமுள்ள அந்த ஒரு பங்கில்தான் புரதங்கள், உப்புகள், ஹார்மோன்கள், கிருமியோடு சண்டை போடும் ஆன்டிபாடிகள் எல்லாமே அடங்கியிருக்கின்றன.

அந்த 2.4 லிட்டரையும் வெளியே எடுத்துக் கொட்டிவிட்டு, அதே நேரத்தில் வேறு நீரை உள்ளே விட்டால் என்ன ஆகும்? படுத்த படுக்கையாகக் கிடந்தவர் எழுந்து நடக்கிறார்! மூளையிலும் சிறுநீரகத்திலும் ரத்தம் கட்டி உயிருக்குப் போராடியவர் பிழைக்கிறார்! கல்லீரல் கைவிட்ட ஒருவருக்கு, அது மறுபடி தலையெடுக்க நாலு நாள் அவகாசம் கிடைக்கிறது! இதன் பெயர் பிளாஸ்மா மாற்று சிகிச்சை. ஐ.சி.யூ.வில் டாக்டர்கள் சுருக்கமாக 'பிளெக்ஸ்' என்பார்கள். இது ஏதோ அமெரிக்காவில் மட்டும் நடக்கிற சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். ராஜகிரி அடிவாரத்தில், செஞ்சி கூட்ரோட்டில் நின்று யோசியுங்கள். கிழக்கே போனால் புதுச்சேரி ஜிப்மர். சேத்துப்பட்டு, ஆரணி வழியாக வடக்கே போனால் வேலூர் சி.எம்.சி. இரண்டுமே ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய தூரம்தான்.

மனிதனை நாலே நாளில் முடக்கிப் போட்டு, பிறகு தானாகவே விட்டுவிடவும் கூடிய ஒரு நோய் இருக்கிறது, தெரியுமா? பெயர் கில்லன்-பாரே. மருத்துவமனைகளில் ஜி.பி.எஸ். என்பார்கள். முதல் நாள் பாதம் மதமதவென்று இருக்கும். செருப்பு காலில் நிற்காமல் நழுவும். மறுநாள் குந்தி உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாது. அதற்கடுத்த நாள் தொடை, இடுப்பு, கை என்று ஏறும். சிலருக்கு நெஞ்சுத் தசை வரை ஏறி, மூச்சு விடவே வென்டிலேட்டர் தேவைப்படும். நேற்று வரை கழனியில் அண்டை வெட்டியவருக்குச் சோற்றை ஊட்டிவிட வேண்டிய நிலை!

காரணம்தான் இன்னும் ஆச்சரியம். பல சமயம் பதினைந்து இருபது நாள் முன்னால் வந்துபோன ஒரு சாதாரண வயிற்றுப்போக்கு! கேம்பைலோபாக்டர் என்கிற கிருமியின் மேல்தோலும் நம் நரம்பின் மேலுறையும் பார்ப்பதற்கு ஒன்றாக இருக்கின்றன. கிருமியை அடிக்க உடம்பு தயாரித்த ஆன்டிபாடி, கிருமி போன பிறகு நரம்பை அடிக்கத் தொடங்குகிறது. அந்த ஆன்டிபாடி மிதப்பது பிளாஸ்மாவில். பிளாஸ்மாவை எடுத்துவிட்டால்?

1916-ல், முதல் உலகப் போரின் நடுவே, கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் இரண்டு படைவீரர்களிடம் இந்த நோயைப் பார்த்து எழுதி வைத்தார்கள். மருந்து? 60 ஆண்டுகளுக்கு மேல் எதுவும் இல்லை! 1985-ல் வட அமெரிக்காவில் 245 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வந்தது. வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் சரிபாதிப் பேர் துணையில்லாமல் நடக்க 85 நாள் ஆனது. பிளாஸ்மா மாற்றியவர்களுக்கு 53 நாள். ஒரு மாதத்துக்கும் மேல் மிச்சம்! கூலி வேலைக்குப் போகிற வீட்டில் ஒரு மாதம் என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. சீக்கிரம் தொடங்க வேண்டும். கால் தளர்ந்த முதல் இரண்டு வாரத்துக்குள் என்றால் பலன் அதிகம், நாலு வாரம் வரை ஓரளவு உண்டு. மேல்மலையனூர் அங்காளம்மனை மனமார வேண்டிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் அமாவாசை ஊஞ்சல் வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். திருநீறு பூசிய கையோடு வண்டியைப் பிடித்து முண்டியம்பாக்கம், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கோ, ஜிப்மருக்கோ கிளம்பிவிடுங்கள்.

செஞ்சிக் கோட்டையும் சிங்ககட் கோட்டையும் மராட்டியர் வரலாற்றில் உறவுக் கோட்டைகள், தெரியுமா? 1677-ல் செஞ்சி சிவாஜியின் கைக்கு வந்தது. 1690-களில் அவருடைய மகன் ராஜாராம் இங்கிருந்துதான் மராட்டிய அரசையே நடத்தினார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான். அதே 2025-ன் ஜனவரியில் தொடங்கி, புனேயில் சிங்ககட் கோட்டைக்குப் போகிற சாலையை ஒட்டிய பகுதிகளில்தான் இந்த ஜி.பி.எஸ். திடீரென்று 200-க்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது! குடிதண்ணீர் மேல் சந்தேகம் விழுந்தது, நோயாளிகள் பலரிடம் கேம்பைலோபாக்டர் கிருமி இருந்ததும் தெரியவந்தது. நம் ஊரில் தெருக்குழாயில் கலங்கலாகத் தண்ணீர் வந்தால் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதன் அருமை இதில் புரியும்.

இதே நோய்க்கு ஐ.வி.ஐ.ஜி. என்று ஓர் ஊசி மருந்தும் உண்டு. ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கிற மருந்து. பலனில் இரண்டும் சமம், ஆனால் ஊசியின் விலை அதிகம். இதில் ஒரு நுணுக்கம்: ஊசி போட்ட கையோடு பிளாஸ்மாவை மாற்றினால், போட்ட மருந்தும் சேர்ந்து பைக்குள் போய்விடும்! அதனால் முதலிலேயே இரண்டில் ஒன்றைத்தான் டாக்டர்கள் தேர்ந்தெடுப்பார்கள்.

சரி, எப்படித்தான் மாற்றுகிறார்கள்? கழுத்திலோ தொடை இடுக்கிலோ உள்ள பெரிய ரத்தக்குழாயில் இரட்டைக் குழாய் ஒன்றை வைப்பார்கள். ஒரு வழியாக ரத்தம் வெளியே வரும், மெஷினுக்குள் போகும். சில மெஷின்கள் ரத்தத்தை வேகமாகச் சுழற்றி, கனமான அணுக்களை ஓரமாகத் தள்ளி, பிளாஸ்மாவைத் தனியே எடுக்கும். சிலவற்றில் நுண்துளைகள் கொண்ட ஃபில்டர் இருக்கும். பிளாஸ்மா மட்டும் கசிந்து கீழே தொங்கும் பையில் சேர, சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும், ஆல்புமின் என்கிற புரதக் கரைசலோடோ தானமாக வந்த பிளாஸ்மாவோடோ கலந்து இன்னொரு வழியாக உடம்புக்குள் திரும்பும். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு சுற்று முடியும்.

'டயாலிசிஸ் மாதிரிதானே?' என்று பலரும் கேட்கிறார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும், வேலை வேறு. டயாலிசிஸ் வெளியேற்றும் யூரியாவின் மூலக்கூறு எடை வெறும் 60. ஆன்டிபாடியின் எடை எவ்வளவு தெரியுமா? 1,50,000! டயாலிசிஸ் ஃபில்டரின் துளைக்குள் அது நுழையவே நுழையாது.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நர்ஸ் அடிக்கடி வந்து, "உதடு மரத்த மாதிரி இருக்கா? விரல் நுனி குறுகுறுங்குதா?" என்று கேட்பதைப் பார்க்கலாம். சும்மா கேட்பதில்லை. குழாய்க்குள் ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட் சேர்க்கிறார்கள். எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான அதே சிட்ரிக் அமிலத்தின் உப்பு! அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் குறைந்தால் முதலில் தகவல் சொல்வது உதடுதான். 'ஆமா' என்றதும் கால்சியம் ஏற்றுவார்கள், சரியாகிவிடும். ரத்த அழுத்தம் இறங்குவது, ஒவ்வாமை, குழாய் வழியாகக் கிருமி தொற்றுவது என்று வேறு அபாயங்களும் உண்டு. அதனால்தான் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்கள்.

இந்தக் கணக்கைக் கேளுங்கள், இன்னும் வியப்பாக இருக்கும். உடம்பில் உள்ள பிளாஸ்மா 2.4 லிட்டர். 2.4 லிட்டரையும் மாற்றியாகிவிட்டது. அப்படியென்றால் கெட்டது நூற்றுக்கு நூறும் போயிருக்க வேண்டும் அல்லவா? போகாது! ஒரு பக்கம் கிணற்றை இறைத்துக்கொண்டே, இன்னொரு பக்கம் புதுத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தால், இறைக்கிற தண்ணீரில் புதுசும் கலந்துதானே வரும்? அதனால் ஒரு மடங்கு மாற்றினால் போவது 63 சதவீதம். இரண்டு மடங்கு மாற்றினாலும் 86 சதவீதம்தான். போதாததற்கு, ஆன்டிபாடியில் பாதிக்கு மேல் ரத்தக்குழாய்க்கு வெளியே, திசுக்களுக்குள் இருக்கிறது. மெஷினை நிறுத்தியதும் அது மெல்ல ரத்தத்துக்குள் ஊறி வரும். ஒன்றிரண்டு நாள் விட்டு மறுபடி மாற்ற வேண்டும். ஜி.பி.எஸ்.ஸுக்கு வழக்கமாக ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து தடவை செய்வதன் ரகசியம் இதுதான்!

முதன்முதலில் இதைச் செய்துகொண்டது மனிதன் அல்ல, நாய்! 1914-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜேக்கப் ஏபெல் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் நாய்களின் ரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவை நீக்கி, அணுக்களைத் திருப்பிச் செலுத்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு செயற்கைச் சிறுநீரகம் செய்து பார்த்தவரும் இதே ஏபெல்தான். அப்போது ரத்தம் உறையாமலிருக்க அவர் எதை நம்பினார் தெரியுமா? அட்டைப் பூச்சியை! கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வழியச் செய்யும் அட்டையின் சாறுதான் மருந்து. சித்த வைத்தியத்தில் அட்டை விடுகிற நமக்கு இது புதிதாகத் தோன்றாது. உலகப் போர் வந்ததும் ஐரோப்பாவிலிருந்து அட்டை வரத்து நின்றுபோனது, ஆராய்ச்சியும் படுத்தது.

இந்த மெஷின் வளர்ந்த கதையில் ஓர் அப்பாவும் இருக்கிறார். 1962-ல் ஜார்ஜ் ஜட்சன் என்ற ஐ.பி.எம். கம்பெனி இன்ஜினியரின் 17 வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. மகனை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சேர்த்தார். அங்கே எமில் ஃப்ரைரைக் என்ற மருத்துவர், ரத்தத்தை விதவிதமாகப் பிரித்தெடுக்க ஒரு கருவி கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தார். மகனின் கட்டில் பக்கத்தில் நின்ற அப்பா, 'நான் செய்து தருகிறேன்' என்று இறங்கிவிட்டார்! கம்பெனியும் கைகொடுத்தது. ரத்தம் ஒருபக்கம் ஓடிவர ஓடிவர, நிறுத்தாமல் பிரித்துக்கொண்டே இருக்கும் மெஷின் 1965-ல் தயாரானது. இன்று உலகம் முழுக்கத் தட்டணு தானம் எடுக்கிற மெஷின்களுக்கும், பிளாஸ்மா மாற்றுகிற மெஷின்களுக்கும் முன்னோடி அதுதான். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு மனசு நெகிழ்ந்துபோகும் கதை இது.

ஒருவரைக் காப்பாற்ற 84 பேர் வேண்டும், தெரியுமா? டி.டி.பி. என்று ஒரு நோய். 1924-ல் நியூயார்க்கில் மாஷ்கோவிட்ஸ் என்ற மருத்துவர் 16 வயதுப் பெண் ஒருத்தியிடம் முதலில் கண்டார், அந்தப் பெண் பிழைக்கவில்லை. நம் ரத்தக்குழாயின் உட்சுவரிலிருந்து வான் வில்லிபிரான்ட் என்ற நீள நீளமான புரத இழைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை அளவாக நறுக்கிவிட அடாம்ட்ஸ்-13 என்றொரு நொதி இருக்கிறது. இந்த நோயில் உடம்பே அந்த நொதியை அடக்கிவிடும். நறுக்கப்படாத இழைகளில் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு, மூளை, இதயம், சிறுநீரகம் என்று எல்லா இடத்திலும் பொடிப்பொடியாக அடைப்பு. சிகிச்சை இல்லாவிட்டால் 10 பேரில் 9 பேர் இறந்துபோவார்கள்.

பிளாஸ்மா மாற்றினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நொதியை அடக்கும் ஆன்டிபாடி வெளியே போகிறது, தானமாக வந்த பிளாஸ்மாவோடு புது நொதி உள்ளே வருகிறது! 1991-ல் கனடாவில் 102 பேரிடம் நடந்த ஆய்வு இதை உறுதி செய்தது. பிளாஸ்மாவை வெறுமனே ஏற்றியவர்களில் 37 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். எடுத்து மாற்றியவர்களில் 22 சதவீதம். இங்கே ஆல்புமின் போதாது, மனித பிளாஸ்மாதான் வேண்டும். ஒரு பை சுமார் 200 மில்லி. 2.4 லிட்டருக்கு 12 பை. தினமும் ஒரு வாரம் மாற்றினால் 84 பை! முகம் தெரியாத அத்தனை பேர் கொடுத்தது, உறைய வைத்த பெட்டியிலிருந்து எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் இளக்கி, ஒவ்வொன்றாக ஏறுகிறது.

இந்த இழைக்கதையைக் கல்லீரலோடு முடிச்சுப் போட்டவர்கள் நம் வேலூர்க்காரர்கள், தெரியுமா? செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லும் மல்லாட்டையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஊர் நம்முடையது. தானியம் இருக்கிற இடத்தில் எலி, எலி இருக்கிற இடத்தில் எலி மருந்து. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பசை எத்தனை வீடுகளை இருட்டாக்கியிருக்கிறது என்பதைச் சொல்லி மாளாது. தமிழ்நாடு அரசு அதைத் தடையே செய்துவிட்டது. அந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. இன்னும் கொடுமை, முதல் நாள் வாந்தி, வயிற்றுவலி வந்து அடங்கி, ஆள் தெளிவாகிவிட்டது போலத் தெரியும். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கண்ணில் மஞ்சள் ஏறும். அதற்குள் கல்லீரல் வெந்துபோயிருக்கும்.

வேலூர் சி.எம்.சி.யின் கல்லீரல் மருத்துவர்கள் இந்த நோயாளிகளிடம் கவனித்தது, ரத்தத்தில் அந்த வான் வில்லிபிரான்ட் இழைகள் எக்கச்சக்கமாக ஏறிக் கிடப்பதை! கல்லீரலின் பொடி ரத்தக்குழாய்களை அவை அடைக்கின்றன, அவற்றைக் குறைத்தால் கல்லீரல் மூச்சுவிடும் என்பது அவர்கள் வாதம். பிளாஸ்மாவை மாற்றினார்கள். அதுவும் எவ்வளவு? ஐரோப்பாவில் கல்லீரல் செயலிழந்த 182 பேரிடம் செய்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் 15 சதவீதம் வரை, அதாவது 60 கிலோ ஆளுக்கு 9 லிட்டர், மூன்று நாள் மாற்றினார்கள். பிழைத்து வீடு திரும்பியவர்கள் 47.8 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாக உயர்ந்தார்கள். 9 லிட்டர் பிளாஸ்மாவுக்கு நம் ஊரில் எங்கே போவது? வேலூரில் ஒரு தடவைக்கு உடம்பின் பிளாஸ்மாவில் பாதி அளவைத்தான் மாற்றுகிறார்கள், கூடவே குறைந்த அளவு ஸ்டீராய்டு. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்கு லட்ச லட்சமாகப் புரட்ட முடியாத குடும்பங்களுக்கு இது பெரிய வெளிச்சம்! அவர்கள் வெளியிட்ட முடிவுகளைப் பார்த்து மற்ற ஊர்களிலும் இந்தக் குறைந்த அளவு முறையைக் கையாள்கிறார்கள்.

வீட்டில் யாராவது எலி பசை சாப்பிட்டது தெரிந்தால், தெளிவாக இருக்கிறாரே என்று நம்பி ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள். கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைக்க உட்காராதீர்கள். வாழ்க்கை கசந்து, பாரம் தாங்காமல் தவிக்கிறவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், 104-க்கோ 14416-க்கோ ஒரு போன் போடுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். உங்கள் குரலைக் கேட்க அங்கே ஆள் இருக்கிறார்கள்.

குதிரையிடமிருந்தும் பிளாஸ்மா எடுக்கிறார்கள், தெரியுமா? தேசிங்கு ராஜன் குதிரையின் வீரத்தைக் கதைப்பாட்டாகக் கேட்டு வளர்ந்த மண்ணுக்கு இது பிடிக்கும்! பாம்புக்கடிக்குப் போடுகிற விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது? நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலின் விஷத்தையும் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் பிளாஸ்மாவில் உருவாகும் ஆன்டிபாடியைப் பிரித்தெடுத்துத்தான்! எடுத்த ரத்தத்தின் சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பிச் செலுத்துவது நல்ல முறை. ஏபெல் நாய்க்குச் செய்தது இன்று குதிரையின் நலனுக்கும் ஆகிவிட்டது. அந்த விஷத்தைப் பாம்பிடமிருந்து எடுப்பது யார்? மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்! வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை இருளர் குடும்பங்கள்! அந்த விருதில் அவர்களுக்கும் பங்குண்டு என்றுதான் சொல்வேன். ஒன்றை மறக்க வேண்டாம்: பாம்பு கடித்தால் முதல் சிகிச்சை விஷமுறிவு மருந்துதான். பிளாஸ்மா மாற்றுவது அதற்கு ஈடாகாது.

மெஷினே இல்லாமலும் பிளாஸ்மாவை மாற்றலாம், தெரியுமா? இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய அதிசயம். டாக்காவில் மருத்துவர்கள் ஜி.பி.எஸ். நோயாளிகள் 20 பேருக்கு இப்படிச் செய்து 2018-ல் வெளியிட்டார்கள். கொஞ்சம் ரத்தத்தைப் பையில் எடுத்தார்கள். கட்டில் பக்கத்திலேயே தொங்கவிட்டார்கள். சிவப்பணுக்கள் தாமாக அடியில் இறங்கும் வரை காத்திருந்தார்கள். மேலே நின்ற மஞ்சள் நீரை வெளியேற்றிவிட்டு, அணுக்களை அதே குழாய் வழியாகத் திருப்பி ஏற்றினார்கள். ஒருநாளைக்குப் பல முறை, 8 நாளில் மொத்தம் 8 லிட்டர் என்பது இலக்கு. கரண்டு போனாலும் கவலையில்லை! பூமியின் ஈர்ப்பு விசையே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. செலவு சுமார் 500 டாலர். மெஷினில் செய்தால் அதைப்போல ஒன்பது பத்து மடங்கு, ஐ.வி.ஐ.ஜி. ஊசி என்றால் அதையும் தாண்டும். சிறிய அளவில் மாற்றும் இந்த யோசனை நம் நாட்டுக்கும் புதிதில்லை. 1990-லேயே இந்திய மருத்துவர்கள் 25 ஜி.பி.எஸ். நோயாளிகளிடம் கிடைத்த அனுபவத்தை எழுதியிருக்கிறார்கள்.

வெளிநாடுகளில் சில பணக்காரர்கள் இளமை திரும்பும் என்று நம்பிப் பிளாஸ்மா மாற்றிக்கொள்கிறார்களாம். ஆரோக்கியமான உடம்புக்கு இது வேண்டவே வேண்டாம். அதற்கு ஏற்றுகிற ஒவ்வொரு பாட்டில் ஆல்புமினும் முகம் தெரியாத பலர் கையிலிருந்து வந்தது. ஐ.சி.யூ.வில் காத்திருப்பவருக்கு அது போய்ச் சேரட்டும்.

கடைசியாக ஒன்று. ரத்தத்தில் 'ஓ' குரூப்புக்காரரின் சிவப்பணுவை யாருக்கும் ஏற்றலாம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பிளாஸ்மாவுக்கு அது அப்படியே தலைகீழ், தெரியுமா? 'ஓ' குரூப் பிளாஸ்மாவை 'ஓ' குரூப்புக்கு மட்டும்தான் ஏற்றலாம். 'ஏபி' குரூப் பிளாஸ்மாவை யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம்! 'நம்ம குரூப்பு யாருக்கும் உதவாது' என்று நினைத்து ரத்ததான முகாமில் ஒதுங்கி நிற்கும் 'ஏபி' குரூப்புக்காரர்களே, உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 18 வயது ஆகியிருக்க வேண்டும், 45 கிலோ எடை வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். கொடுத்த பிளாஸ்மாவைப் பூஜ்யத்துக்கும் வெகு கீழே உறைய வைத்தால் ஓராண்டு வரை கெடாது.